அரிசி கொடுப்பதாகச் சொன்னார்கள்

பள்ளிக்கூடத்தில் அரிசி கொடுக்கிறார்கள் என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது தங்கமணிதான். பத்து வயதுப் பெண். கோணிச்சாக்கில் தைத்த சட்டை அக்குளில் உரசிப் புண்ணாகியிருந்தது. அந்த எரிச்சலையும் மறந்து, வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"அப்பா! அரிசி குடுக்கிறாங்களாம், துணியும் குடுக்கிறாங்களாம்! வீட்டுக்கு ஒரு ஆம்பள நேர்ல வரணுமாம்!"

வடிவேலு கிழங்குக் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பீடோங் பட்டணத்துக்கு மேற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான், சப்பான்காரன் வந்தான். மரத்தடியெல்லாம் மரவள்ளி முளைத்தது. பங்கீட்டில் கிடைக்கும் அரிசி புழுத்துப்போய்ச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அதுவும் எப்போதாவதுதான்.

"சப்பான்காரன் சும்மா குடுப்பானா?" என்று இழுத்தான் வடிவேலு.

"வாத்தியாரய்யாவே சொன்னாருப்பா. அவரு பொய் சொல்லுவாரா?"

தர்மலிங்கம் வாத்தியார் சொன்னால் தோட்டத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. ஊருக்கு யார் காகிதம் எழுதினாலும் அவர்தான் எழுதினார். குளிர்காய்ச்சல் வந்தவர்களின் வீட்டில் கொயினா மாத்திரைக்காக அலைந்தவரும் அவர்தான். வடிவேலு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிர் லயத்தில் இருந்த செல்லாயியின் புருசன் அதைப் பார்த்துவிட்டு, தானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

மருதம்மாள் அப்போது கிழங்குக் காட்டில் இருந்தாள். லோரிச் சத்தம் கேட்டு, ஏதோ சாமான் வருகிறது என்றுதான் நினைத்தாள். பிறகு பெண்களின் அலறல் கேட்டது. அவள் ஓடிவந்து சேர்ந்தபோது செம்மண் சடக்குப் பாதையில் புழுதி மட்டும் அடங்காமல் நின்றது. பள்ளிக்கூடத்து வாசலில் தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பக்கத்துத் தோட்டங்களில் பேச்சு அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. இங்கே, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் பிடிக்க வந்தபோது ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை பள்ளிக்கூடம். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி வாத்தியாரிடம் சொன்னார், வாத்தியார் பிள்ளைகளிடம் சொன்னார், பிள்ளைகள் அப்பன்மார்களிடம் சொன்னார்கள். ஆண்கள் உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்தி, லோரியில் ஏற்றினார்கள்.

மருதம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணெதிரே நின்றது மகள் மட்டும்தான். ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள்.

"ஏண்டி வந்து சொன்ன? நீ சொல்லாம இருந்திருந்தா அந்த மனுசன் காட்டுலதானடி இருந்திருப்பாரு!"

தங்கமணி அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு எந்த வீட்டிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வாத்தியார் மட்டும் காலையில் வந்து, வாசலில் தொங்கிய இரும்புத் துண்டைத் தட்டுவார். அந்தச் சத்தம் லயத்துக்கு எட்டும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வசவு கிளம்பும். லோரிக்குப் பின்னால் ஓடிய அவரைச் சப்பான்காரன் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் முன்பல் இரண்டு போயிருந்தன. அதற்காக இரங்கியவர் யாரும் இல்லை.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவர் எதிர்ப்பட்டபோது மருதம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"என் புருசன் எங்க வாத்தியாரே?"

அவர் விலகி வழிவிட்டார்.

"அரிசி எங்க? துணி எங்க? ஒங்க வாயில இருந்துதானே வந்துச்சு?"

"ஆமாம்மா" என்றார் அவர். தெரியாது என்றாவது, கிராணி ஏமாற்றினார் என்றாவது சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் நாலு வார்த்தை கத்தத் தோன்றியிருக்கும். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் காறித் துப்பிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் தங்கமணி பேசுவதை நிறுத்தியிருந்தாள். முதலில் மருதம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை. சப்பான்காரனின் கிழங்குக் காட்டில் வேலை, பிறகு தன் துண்டு நிலத்தில் வேலை, விறகு, தண்ணீர். புருசன் செய்த பாதி வேலையும் இப்போது அவள் தலையில். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் தூங்குகிறாள் என்று விட்டுவிடுவாள். கிழங்கை அவித்து வைத்தால் அது அப்படியே இருக்கும்.

பக்கத்து வீட்டு ராக்காயிதான் ஒருநாள் வாசலில் வந்து உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"ஏன் புள்ள, ஒம் மக வாயத் தொறந்து எத்தன நாளாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அப்பன நெனச்சு ஏங்குறா அக்கா. சின்னப்புள்ளதானே."

"ஏங்குற புள்ள அழுவும். இது அழுவலையே. அன்னிக்கிக் கொழாயடியில செல்லாயி என்ன சொன்னான்னு ஒனக்குத் தெரியாதா? 'நீ வந்து ஒங்கப்பன இழுத்துட்டுப் போன. அத பாத்துதான் எம் புருசனும் போனாரு. ரெண்டு குடியக் கெடுத்துட்டியேடி'ன்னு சொல்லிட்டா. நாலு பேரு நின்னோம். யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. வயித்தெரிச்சல்ல பேசுறான்னு விட்டுட்டோம்."

மருதம்மாள் எழுந்து நேராக எதிர் லயத்துக்குப் போனாள். செல்லாயி அடுப்படியில் ஊதிக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை.

"பச்சப்புள்ளகிட்ட என்னடி பேச்சுப் பேசின? அவளா லோரிய ஓட்டிக்கிட்டு வந்தா? ஒன் நாக்கு அழுகிப்போவாதா?"

செல்லாயி சண்டைக்கு வரவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்தாள். கண்ணில் புகை பட்டதா அழுகையா என்று தெரியாதபடி முகம் சிவந்திருந்தது.

"பேசினேன் மருதக்கா. பேசினதுக்கப்புறம் எனக்கே தாங்கல. ஆனா நீங்க அன்னிக்கி எல்லாரு முன்னாடியும் அந்தப் புள்ளைய அறைஞ்சு சொன்னதத்தானே நானும் சொன்னேன்?"

மருதம்மாளுக்கு அறைந்தது நினைவில் இருந்தது. சொன்னது இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. வந்த வேகம் எங்கே போனதென்று தெரியாமல், செல்லாயி வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மகளைக் கட்டிப்பிடித்து, "நீ ஒண்ணும் பண்ணலடி" என்றாள். தங்கமணி அந்தப் பிடிக்குள் கட்டைபோல இருந்தாள். மறுநாள் ராக்காயி முட்டைக்கோழி ஒன்றைக் கொண்டுவந்து, "பாத்துக்கடி தங்கம்" என்று அவள் கையில் கொடுத்தாள். கோழி கையிலிருந்து நழுவி ஓடியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாத்தியார் வீடு தேடி வந்தது அதற்குப் பிறகுதான். உச்சிவெயிலில், நடுத்தெரு வழியாக, எல்லாரும் பார்க்க வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"மருதம்மா, தங்கமணி மட்டும் இல்ல. ஏழெட்டுப் புள்ளைங்க இப்படித்தான் இருக்காங்க. ஒருத்தன் படுக்கையில மூத்திரம் போறான். ஒருத்தி நகத்தக் கடிச்சுக் கடிச்சு ரத்தமா வெச்சிருக்கா. நான் சொன்னதத்தான் அவங்க வீட்டுல சொன்னாங்க. தப்பு அவங்க மேல இல்ல, என் மேலன்னு நான் அவங்களுக்குச் சொல்லியாகணும். நான் தனியா சொன்னா நம்ப மாட்டாங்க. பெத்தவங்க பக்கத்துல இருக்கணும். நீங்கல்லாம் ஒரு தடவ வந்தீங்கன்னா..."

"எங்க? பள்ளிக்கூடத்துக்கா?" மருதம்மாள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பயமாக இருந்தது. "மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்புடுறீங்க. ஆம்பளைங்க முடிஞ்சு இப்பப் பொம்பளைங்களா?"

வாத்தியார் முகம் தொங்கிப்போயிற்று. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த வாரமே தங்கமணி காணாமல் போனாள்.

காலையில் வேலைக்குப் போகும்போது படுத்திருந்தவள், மத்தியானம் வந்தபோது இல்லை. ராக்காயி ஆற்றங்கரைக்கு ஓடினாள். செல்லாயி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிழங்குக் காடு முழுக்கக் கத்திக்கொண்டு அலைந்தாள். மருதம்மாள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சடக்கில் நின்றபோது, வாத்தியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கயிறு சுற்றியிருந்த அந்தச் சைக்கிள் கடகடவென்று ஆடியது.

"பீடோங்குப் பக்கம் போயிருப்பா. லோரி போன பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல் போனார். மருதம்மாள் அவர் பின்னால் ஓடினாள். ஓடி, நடந்து, மறுபடி ஓடினாள்.

பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருந்த பரஞ்சோதி கடை வாசலிலேயே நின்று கையைக் காட்டினார்.

"புள்ள உள்ளதான் இருக்கு லா, பயப்படாதீங்க. தண்டவாளம் ஓரமா ஒக்காந்திருந்துச்சு. சப்பான் சிப்பாய் ஒருத்தன்கிட்டப் போய் நின்னு, தன்னையும் ரயில்ல ஏத்தச் சொல்லிக் கைய கையக் காட்டுச்சு. அவன் வெரட்டினான். மறுபடியும் போச்சு. நாந்தான் எம் பொண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். கஞ்சி குடுத்தேன், குடிக்கல."

காலி மூட்டைகளுக்கு நடுவே தங்கமணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தரையில் வாத்தியார். மருதம்மாள் உள்ளே போய் மகளைத் தூக்கினாள். வயதுக்கு மிகவும் இலேசாக இருந்தாள். அந்தக் கனமின்மைதான் மருதம்மாளை உடைத்தது.

"வாத்தியாரய்யா," என்றாள், "பள்ளிக்கூடத்துல வேணாம். கோயில்ல வெச்சுக்கலாம். நான் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

கூப்பிடும் வேலையைப் பெண்களே செய்தார்கள். எந்தப் பிள்ளையையும் அனுப்பவில்லை. மருதம்மாளும் ராக்காயியும் செல்லாயியும் லயம் லயமாகப் போனார்கள். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில், "வாத்தியாருக்கு வக்காலத்தா?" என்று கேட்டார்கள். "இல்ல, எம் மகளுக்கு" என்றாள் மருதம்மாள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சப்பான் துவான் அலோர் ஸ்டாருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். பிள்ளைகள் அம்மாமார் மடியை ஒட்டி உட்கார்ந்தார்கள். பல் போன வாயோடு வாத்தியார் பேசத் தொடங்கியபோது வார்த்தை வழுக்கியது. வேறு நாளாக இருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.

"அரிசி குடுக்கிறாங்கன்னு ஒங்ககிட்டச் சொன்னது நான். எங்கிட்டச் சொன்னவரு கிராணி. ஏன் பள்ளிக்கூடத்துல குடுக்கணும், ஏன் ஆம்பளைங்க மட்டும் வரணும்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. நீங்க பொய் சொல்லல. வாத்தியார் சொன்னத வீட்டுல சொல்றதுதான் ஒங்க வேல. அதச் சரியாச் செஞ்சீங்க. தப்பு பெரியவங்களோடது."

பிள்ளைகள் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். இவ்வளவுதானா என்று மருதம்மாளுக்கு வெறுமையாக இருந்தது. பிறகு செல்லாயி எழுந்து தங்கமணிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எம் புருசன் ஒன்னப் பாத்துப் போவல தங்கம். வீட்டுல அரிசி இல்லன்னு காலையிலேருந்து நான் அவரத் திட்டிக்கிட்டே இருந்தேன். அதான் போனாரு. அத என்னால சொல்ல முடியல, ஒன் தலையில போட்டேன்."

மருதம்மாள் தன் முறை வந்துவிட்டதை உணர்ந்தாள். எல்லார் முன்னாலும் அடித்தாள், எல்லார் முன்னாலும்தான் சொல்லவேண்டும். "அம்மாதான் ஒன்ன அறைஞ்சேன். அடிக்கிறதுக்கு வேற ஆளு இல்லன்னு ஒன்ன அடிச்சேன். அந்த நேரத்துல நான் சொன்னது எதுவும் நெசமில்லடி."

அப்புறம் வேறொருத்தி பேசினாள். இன்னொருத்தி பேசமுடியாமல் மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு பையன் திடீரென்று பெருங்குரலெடுத்து அழுதான். அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர். தங்கமணி அழவில்லை. அம்மாவின் சேலை நுனியை மட்டும் பிடித்தாள்.

பிள்ளைகளைப் படிக்க வைப்பதா, எங்கே வைப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகு வந்தது. வாக்குவாதம் கடுமையாகவே இருந்தது. சும்மா திரிகிற பிள்ளைகளைப் புல் வெட்டும் வேலைக்குப் பிடித்துப்போவதாகத் துவான் மிரட்டியிருந்ததால், பள்ளிக்கூடம் நடந்தே ஆகவேண்டும் என்றார் வாத்தியார். அந்தக் கட்டடத்துக்குள் என் பிள்ளை கால் வைக்காது என்றார்கள் பெண்கள். கடைசியில் ராக்காயி, ஆயக்கொட்டகை காலியாகத்தானே கிடக்கிறது என்றாள். முன்பு அம்மாமார் பால்வெட்டப் போனபோது கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொண்ட இடம். சுவர் கிடையாது. நாலு பக்கமும் திறந்திருக்கும்.

"அங்கன்னா சரி. ஆனா எந்நேரமும் ரெண்டு தாய்மாரு கூடவே இருப்போம்" என்றாள் மருதம்மாள். "இன்னொண்ணும் சொல்லிடுறேன் வாத்தியாரே. வீட்டுக்குச் சொல்லவேண்டியது எதுவா இருந்தாலும் இனிமே புள்ளைங்க வாயில சொல்லியனுப்பாதீங்க. நீங்களே வந்து, எங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றார் அவர்.

இடத்தை மாற்றியதற்காகத் துவான் அவரைப் பிரட்டுக்களத்தில் நிறுத்தி அறைந்தான். கூரை ஒழுகுகிறது என்று சொல்லி அவர் சமாளிக்கப் பார்த்தார். ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கவைத்தார்கள். பெண்கள் வேலைக்குப் போகாமல் களத்தைச் சுற்றி நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கலையவும் இல்லை. கடைசியில் துவான் எரிச்சலோடு ஏதோ கத்திவிட்டுப் போனான். ஆயக்கொட்டகையில் பள்ளிக்கூடம் நடந்தது.

காலையில் சப்பான் எழுத்தும் சப்பான் பாட்டும். அது கட்டாயம். அதன் பிறகு வாத்தியார் தமிழ் எழுத்துக்கு வருவார். சிலேட்டுக்குப் பதில் மணல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துண்டுக் கிழங்கு வரும். இல்லாத வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வந்தால் யாரும் கேட்கக்கூடாது என்பது ராக்காயியின் சட்டம். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு அவள் வேகவைப்பாள். பீடோங்கிலிருந்து பரஞ்சோதி எப்போதாவது உப்பும் கருவாட்டுத் தூளும் கொடுத்துவிடுவார். அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். மருந்து இல்லை. கிழங்காலும் கூட்டத்தாலும் அதற்கு என்ன செய்யமுடியும்?

தங்கமணி தினமும் வந்தாள். மற்றவர்களோடு உட்காராமல், காவலுக்கு உட்கார்ந்த தாய்மாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாத்தியார் அவளை எதுவும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு எழுதிக் காட்டும்போது அவள் முன்னாலும் மணலில் எழுதிவிட்டுப் போவார்.

மருதம்மாள் காவல் இருந்த ஒருநாள், வாத்தியார் அப்படிக் குனிந்து எழுதும்போது தங்கமணி வாயைத் திறந்தாள். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"வாத்தியாரய்யா, எங்கப்பா திரும்பி வருவாரா?"

வருவாரம்மா என்று சொல்லிவிடமாட்டாரா என்று மருதம்மாள் ஒரு நிமிடம் ஏங்கினாள். வாத்தியார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தங்கமணியின் கண்ணைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரியாதத இனிமே ஒங்கிட்டச் சொல்லமாட்டேன்."

தங்கமணி அவர் எழுதியிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, அதன் வழியே மெதுவாக இழுத்தாள்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பியபோது, போனவர்களில் சிலர்தான் வந்தார்கள். செல்லாயியின் புருசன் காலில் அழுகிய புண்ணோடு, எலும்பாக வந்து சேர்ந்தான். வடிவேலு சயாம் காட்டில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று அவன்தான் சொன்னான். செல்லாயி வாத்தியாரையும் ராக்காயியையும் கூட்டிக்கொண்டு வந்து, மருதம்மாளையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்து அந்தச் செய்தியைச் சொன்னாள். தங்கமணி அன்றுதான் அழுதாள். மாலைவரை அழுதாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மருதம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

புதுத் துரை வந்து, பழைய பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, எல்லாரும் அங்கேதான் படிக்கவேண்டும் என்றான். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தங்கமணி வாசல்படியில் கால் வைத்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். மருதம்மாள் அவளை உள்ளே இழுக்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள்.

தர்மலிங்கம் வாத்தியார் உள்ளேயிருந்து உட்காரும் பலகை ஒன்றைத் தூக்கிவந்து வெளியே, சார்ப்புக்குக் கீழே போட்டார். பிறகு இரண்டு பெரிய பையன்களைக் கூப்பிட்டு, கரும்பலகையை அதன் இடத்திலிருந்து நகர்த்தி வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்தார். உள்ளே இருந்தவர்கள் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துத்தான் படிக்கவேண்டியிருந்தது. ஒரு பிள்ளையும் அதைப் பற்றிக் குறைசொல்லவில்லை. ஆறாம் வகுப்பு முடியும்வரை தங்கமணி அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து படித்தாள். மழை சாரலடிக்கும் நாட்களில் மருதம்மாள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து சார்ப்பில் கட்டிவிட்டு வேலைக்குப் போவாள்.